அன்ரனின் கொப்பியில் இருந்த எழுத்து

வெள்ளிக்கிழமை காலை கொட்டாஞ்சேனையிலிருந்து அன்ரனின் மனைவி மேரி போன் எடுத்தார். "நெஞ்சு நோ எண்டவர். போயிட்டார். நீங்கள் வருவீங்கள்தானே?" அப்படிக் கேட்க அவருக்குக் காரணம் இருந்தது.

எங்கள் கப்பல் கந்தோரில் வேலை செய்தவர்களுக்கு அன்ரனைத் தெரியும். கோப்புகளைத் தொலைப்பான், பழைய பிறின்ரர் மோட்டரைத் தொலைக்க மாட்டான். அந்தச் சாமான்களை வைத்துத் தானாக ஓடும் சிறு வண்டி ஒன்று செய்தான். தான் நிற்கும் இடம் வண்டிக்கே தெரிய வேண்டும் என்பதுதான் அவனுடைய விசர். அது சக்கரம் சுற்றுவதை எண்ணும், திசைகாட்டியைப் பார்த்துத் திரும்பும். சண்டை நடந்த காலம் அது. சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் என் பிளாட்டின் மொட்டைமாடிக்கு அதைக் கொண்டுவருவான்.

இருபது அடி ஓடுவதற்குள் வண்டி தடம் மாறிவிடும். "சக்கரம் வழுக்கும் மச்சான், அதையும் ஓடினதெண்டு எண்ணும். ஆடாத சாமான் ஒண்டைப் பாத்துத்தான் சரிபாக்கோணும்" என்பான். அவன் திசைகாட்டியில் பாகை பார்த்துச் சொல்ல நான் அவனுடைய கொப்பியில் எழுதினேன். கோயில் கோபுரம், தண்ணீர்த் தாங்கி, பிறகு சந்தியில் இருந்த ஆமிக் காவலரண். "அதுக்குப் பேர் போடாதை, ஒரு புள்ளடி போட்டாக் காணும்" என்றான். பத்து வருடம் கோப்புக்குத் தலைப்பெழுதிய கை சும்மா இருக்குமா? ‘சென்றி பொயின்ற்’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அடுத்த சனி சுற்றிவளைப்பு. பொலிஸ் மாடிக்கே வந்தது. அதிகாரி அந்தப் பக்கத்தை விரித்து, யாருடைய எழுத்து என்று சிங்களத்தில் கேட்டார். நான் அன்ரனைப் பார்த்தேன். "மகே, சேர்" என்றான் அன்ரன். என்னுடையது என்று.

பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது அவனுடைய வலது கையால் ஒரு ஸ்குரூவைப் பிடிக்க முடியவில்லை. நான் அழுதேன். "நீயும் உள்ள வந்திருந்தா எனக்கு ஆரடா லோயர் பிடிக்கிறது?" என்று சிரித்தான். லோயர் பிடித்தது மேரி. நான் பயத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. அது அவனுக்கும் தெரியும். கோழை என்று ஒரு நாளாவது திட்டியிருக்கலாம்.

செத்தவீட்டில் அனுதாபக் கொப்பி வைத்திருந்தார்கள். நான் எழுதி முடிக்கும்வரை மேரி பக்கத்தில் நின்றார்.

"இந்த எழுத்தைப் பொலிஸில எனக்குக் காட்டினவங்கள். உன்ரை மனிசன்ரை எழுத்தோ எண்டு கேட்டவங்கள். ஓம் எண்டனான்" என்றார். "அவர்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னவர்."

கொண்டுபோன வண்டியும் கொப்பியும் திரும்பி வரவில்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பதினான்கு மாதம். என் மகள் நடை பழகியது அப்போதுதான். கை பிடித்து நடத்திவிட்டவன் நான்.