குழாயில் கட்டிய பலூன்

நான் பள்ளிக்கூடத்துக்குள் போவதே லோடு ஆட்டோவில் பெஞ்சு இறக்கத்தான். அப்படிப்பட்டவனை விருதுநகரில் நடந்த அறிவியல் போட்டிக்கு வரச் சொன்னார்கள். என் அறிவுக்காக அல்ல, வண்டிக்காக.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். என் மகளும் மளிகைக்கடைக்காரர் மகளும் வாயாடிகள். என் மகளுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று என் மனைவி தினமும் சொல்லிக்காட்டுவாள். மூன்றாவது, தறிக்காரர் மகள். வீட்டில் தெலுங்கு பேசும். வெளியே எந்த மொழியும் பேசாது.

எங்கள் அருப்புக்கோட்டையில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் இவர்கள் ஒன்று செய்திருந்தார்கள். ஒரு துண்டுக் குழாயின் வாயில் பலூன் கட்டியிருக்கும். அது உப்பினால் இரண்டு தகரத் துண்டுகள் ஒட்டும், பெல் அடிக்கும்.

கிளம்பும்போது டீச்சர் சொன்னார்: "மூணு பேருமே பதில் சொல்லணும். இந்தப் புள்ள இன்னைக்கும் வாயத் திறக்கலைன்னா, அடுத்த ரவுண்டுக்கு வேற ஆளத்தான் போடணும்."

"பலூன யோசிச்சதே அவதான் டீச்சர்!" என்றாள் என் மகள்.

"யோசிச்சா போதாது. சொல்லணும்."

வழியெல்லாம் வாயாடிகள் இருவரும் அவளுக்குப் பாடம் எடுத்தார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். குமாரலிங்கபுரம் பக்கம் ஒரு ஸ்பீடு பிரேக்கரை நான் கவனிக்கவில்லை.

"அப்பா! பலூனு!"

"பலூனு நல்லாத்தான் இருக்கும். என் இடுப்புதான் போச்சுத்தா."

போட்டி அரங்கில் நடுவர் நேரே தறிக்காரர் மகளைப் பார்த்துக் கேட்டார்: "இது எப்படிம்மா வேலை செய்யுது?"

"சார், அது வந்து சார்..." வாயாடிகள் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"நான் இந்தப் பொண்ணக் கேட்டேன்."

அவள் குனிந்துகொண்டாள். நடுவர் தன் பாட்டில் தண்ணீரைத் தானே குழாய்க்குள் ஊற்றினார். பலூன் ஆட்டு மடி மாதிரித் தொங்கியது. பெல் அடிக்கவில்லை.

வாயாடிகள் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஸ்பீடு பிரேக்கர் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது தறிக்காரர் மகள் பலூனை அவிழ்த்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி கட்டினாள். குழாயின் மறுமுனையில் வாயை வைத்து ஊதினாள். பெல் அலறியது.

"எங்க தெருவுல மொதல்ல காத்துதான் சார் வரும், புஸ்ஸுன்னு. தண்ணி அதுக்குப் பொறவுதான். காத்து வாரப்பவே பெல்லு அடிச்சா, கொடத்த எடுத்துட்டு ஓடிரலாம்."

"சரி, காத்து மட்டும் வந்துட்டுத் தண்ணி வரலைன்னா?"

"அன்னைக்கும் அடிக்கும் சார். எல்லாரும் வெறுங்கொடத்தோட திரும்பி வருவோம்."

நடுவர் சிரித்துவிட்டார். அடுத்த ரவுண்டுக்குத் தேர்வானார்கள். ஆளை மாற்றும் பேச்சை டீச்சர் எடுக்கவே இல்லை.

திரும்பி வரும்போது என் மகள் கேட்டாள்: "இம்புட்டு நல்லாப் பேசுறியே, இத்தன நாளா ஏன்டி பேசல?"

"நீங்க ரெண்டு பேரும் என்னைக்குடி நிறுத்துனீங்க?"

பின்னால் சத்தமே இல்லை. எனக்கும் நாக்கு நுனியில் ஒரு கிண்டல் வந்தது. விழுங்கிவிட்டு கியரை மாற்றினேன். கொஞ்ச தூரம் போனதும், தறிக்காரர் மகள்தான் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.