புனிதருக்குக் கொடுத்த படகு

களனி ஆறு கடலில் விழுகிற இடத்துக்குச் சற்று உள்ளே, கொட்டாஞ்சேனையைத் தாண்டிப் போனால், ஒரு சின்னப் படகுத்துறை இருந்தது. போர்க் காலத்தில் அதன் வரவுசெலவைப் பார்த்தவன் நான். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, வழியில் சோதனைக்கு இறக்கினால் இறங்கி, மறுபடி ஏறி, கந்தோர் திறக்கிற நேரத்துக்கு எப்படியோ போய்ச் சேர்வேன். துறைக் கந்தோரில் வேலை என்று சொன்னால் ஆட்கள் கப்பலை நினைத்துக்கொள்வார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரு மரமேடை, குளிக்கிற படிகள், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பொது மலசலகூடம், அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற சில படகுகள். அவ்வளவுதான்.

படகுக்காரர்கள் மாதாமாதம் கட்டுகிற கட்டணத்தில்தான் மற்ற எல்லாம் ஓடின. ஆற்றைக் கடக்க மறுபேச்சில்லாமல் சல்லி கொடுக்கிற மனிதர், மலசலகூட வாசலில் மட்டும் சண்டைக்கு நிற்பார். குழாயைத் திறந்தவர்கள் மூட மாட்டார்கள். தண்ணீர் பில் வருகிற நாளில் என்னோடு யாரும் கதைக்காமல் இருப்பது நல்லது. இந்தக் கூத்துக்குள் ஒரு மாதமும் பிந்தாமல் கட்டணம் கட்டியவர் ஒருவர்தான். அவர் ஒரு புனிதர்.

நான் பகிடி விடவில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவர் கடும் வருத்தத்தில் கிடந்தபோது, பிழைத்தால் படகு உனக்கு என்று கோயிலில் நேர்ந்துகொண்டார். பிழைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நேரே எங்கள் கந்தோருக்கு வந்து, உரிமையாளர் என்ற இடத்தில் புனிதரின் பெயரை எழுதச் சொன்னார். எனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிவிட்டார். சில வருடங்கள் கழித்து அந்த மனிதர் வேறொரு நோயில் போய்ச் சேர்ந்தார். படகு ஓடியது. மனைவி வந்து கட்டணம் கட்டுவார், நான் புனிதரின் பெயருக்குப் பற்றுச்சீட்டு எழுதுவேன். மூன்று பிள்ளைகளோடு அந்த அம்மாவின் சீவியம் அந்த ஒரு படகில்தான் நடந்தது. துடுப்பு வலித்தவர் ஒரு சிங்களவர். கணவரின் காலத்திலிருந்தே கூட இருந்தவர். அந்த அம்மா அவரைச் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்பார், அதைக் கேட்டு நாங்களும் மல்லி என்போம்.

பெரிய துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் ஆற்றில் ஓடுகிற படகுகள்மேலும் சந்தேகம் வந்தது. ஒருநாள் நேவி அதிகாரி ஒருவர் வந்தார். எல்லாப் படகுகளையும் புதிதாகப் பதியவேண்டும். உரிமையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், இனம் எல்லாம் வேண்டும் என்றார். எங்கள் பதிவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தவரின் விரல் புனிதரின் பெயரில் நின்றது.

"மே மஹத்தயா கோ?" என்று கேட்டார். இந்த ஐயா எங்கே என்கிறார்.

அந்த அம்மா அங்கேதான் நின்றார். "பள்ளியே இன்னவா, சேர்," என்றார். கோயிலில் இருக்கிறாராம்.

அதிகாரி சிரிக்கவில்லை. அந்தக் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் பாதிக் கொழும்பே போகும், சாதி மதம் பார்க்காமல். அவரும் போகிறவர்தான் என்று நினைக்கிறேன். மாத முடிவுக்குள் அடையாள அட்டை உள்ள ஒருவரின் பெயரைத் தாருங்கள், இல்லாவிட்டால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டி வரும் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு விஷயம் சிக்கலாகவே தெரியவில்லை. "உங்கட பேரில எழுதுவம்," என்றேன்.

"என்ர மனுசன் நேந்து குடுத்தது, ஐயா. குடுத்ததை நான் எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

"ஆர் திருப்பி எடுக்கச் சொன்னது? கடதாசியில மட்டும்தானே."

"கடதாசியில மட்டும்தானே ஐயா அவருக்கும் குடுத்தது."

பங்குச் சாமியாரிடம் போகச் சொன்னேன். அவர் கோயிலின் பெயரில் எழுதவே கூடாது என்று கையை விரித்துவிட்டார். கோயில் படகு வைத்திருக்கிறது என்று அந்த நாளில் யாராவது வாய் தவறிச் சொன்னாலே விசாரணைக்கு ஆள் வரும். அவரைப் பிழை சொல்ல முடியாது.

மல்லியின் பெயரில் எழுதலாமே என்று மற்றப் படகுக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. தமிழர் நிறைந்த வெள்ளவத்தையிலும் அப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. கடையின் லைசென்ஸ் சிங்களச் சிநேகிதர் பெயரில், வான் பக்கத்து வீட்டு ஐயாவின் பெயரில். நான் பிடிவாதக்காரன். ஒரு சாமான் யாருடையதோ அவருடைய பெயரில்தான் இருக்கவேண்டும் என்பேன். தமிழரின் பெயரில் பதிந்த இரண்டு படகுகளின் கடதாசிகள் மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்பதும், அந்த இரண்டும் மழைத் தண்ணீர் நிரம்பி மேடையடியில் கட்டிக் கிடந்தன என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும்தான் சொன்னேன்.

கடைசியில் அந்த அம்மாவே ஒரு வழி சொன்னார். "புனிதரிட்டயே கேக்கிறன், ஐயா. என்ர பேரோ, மல்லியின்ர பேரோ. திருவுளச்சீட்டுப் போட்டுப் பாப்பம். எது வருதோ அதை எழுதுங்கோ."

இரண்டு துண்டில் இரண்டு பதிலை எழுதி மடித்து, சாமிக்கு முன்னால் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வது. எங்கள் சைவக் கோயில்களிலும் உள்ளதுதான். கணக்குப் பார்த்துச் சீவிக்கிறவனுக்கு அதில் நம்பிக்கை வராது. ஆனாலும் மாதம் முடிகிற நேரம், எழுதவேண்டியவன் நான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானும் கூடப் போனேன்.

கோயிலில் கால் வைக்க இடமில்லை. அந்த அம்மா மெழுகுதிரி கொளுத்தினார். மடித்த சீட்டு இரண்டையும் புனிதரின் சொரூபத்தின் காலடியில் வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத சிங்களப் பெண் ஒருவரிடம் ஒன்றை எடுத்துத் தரும்படி கேட்டார். அந்தப் பெண் சீட்டைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்தார். அது என் கைக்கு வந்தது. பிரித்தேன். மல்லியின் பெயர்.

மற்றச் சீட்டை அந்த அம்மா மெழுகுதிரியில் பிடித்து எரித்தார். முகத்தில் அப்படி ஓர் ஆறுதல். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. புனிதருக்கும் கொழும்பு நிலவரம் விளங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மல்லியின் பெயரை எழுதினேன், இனம் என்ற இடத்தில் சிங்களம் என்று எழுதினேன். அனுமதி அந்தக் கிழமையே வந்தது. மல்லி நல்ல மனிதர். படகு தன் பெயரில் வந்ததும் ஆள் மாறிவிடுவார் என்று துறையில் சிலர் சொல்லித் திரிந்தார்கள். அவர் மாறவில்லை. நாள் முடிய அந்த அம்மாவின் பங்கை வழக்கம்போல வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். உரிமையாளர் என்ற பேச்சை எடுத்தால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

கொஞ்சக் காலத்தில், கட்டிக் கிடந்த இரண்டு படகுகளில் ஒன்று அடி உக்கித் தாழ்ந்துபோனது. அதன் சொந்தக்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு அந்த அம்மா கட்டணம் கட்ட வந்திருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை.

"நான் சொன்னது பிழை," என்றேன். "உங்கட பேர் வந்திருந்தா உங்கட படகும் இப்பிடித்தான். புனிதர்தான் காப்பாத்தினவர்."

அவர் சல்லியை மேசையில் வைத்துவிட்டு, வாசலில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"ரெண்டு சீட்டிலயும் மல்லியின்ர பேரைத்தான் ஐயா எழுதினனான்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப என்னத்துக்குச் சீட்டு? என்னை விடுங்கோ, புனிதரை ஏமாத்தினீங்களோ?"

"அவருக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மா. "சீட்டை வைச்சிட்டு அவரிட்டச் சொன்னனான். என்ர மனுசன் உம்மளை நம்பித்தான் குடுத்தவர், நானும் நம்புறன். ஆனா என்ர பேரை நீர் எடுத்துப்போடுவீரோ எண்ட பயத்தில அதை எழுதேல்லை எண்டு."

பற்றுச்சீட்டு எழுத எடுத்த பேனையை நான் கீழே வைத்துவிட்டேன்.

"அவர் நல்லதெண்டு நினைச்சு என்ர பேரை எடுத்திருந்தா, ஐயா, நான் எங்க போறது?"