பூஜ்யம் சமம் ஆறு

மதினி பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வு எழுதக் கிளம்பியதும், கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா, அங்கன்வாடியில் உதவியாளர். பத்து தேறினால்தான் பதவி உயர்வு. மற்ற பாடங்களெல்லாம் தேறிவிட்டார். கணக்குதான் ஒவ்வொரு முறையும் காலை வாரியது.

தேர்வோ சீசன் நேரத்தில். மேலகரத்தில் வீடு இருந்தால் தெரியும், குற்றாலத்தில் தண்ணீர் விழுந்த மறுநாளே சொந்தக்காரர்கள் ஈரத்துண்டோடு நம் வாசலில் நிற்பார்கள். மதினியைப் பிடித்து உட்காரவைத்தால் உள்ளிருந்து யாராவது டீ கேட்பார்கள். பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதைவிட அந்த அழிரப்பர்! 2x + 3y = 7, 4x + 6y = 20. தீர்வு உண்டா என்பது கேள்வி. முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்குவார், கழிப்பார், 0 = 6 என்று வரும். உடனே அழித்துவிடுவார்.

"எதுக்கு மதினி அழிக்கிய?"

"எங்கனயோ தப்பு பண்ணிட்டேன்ட்டி."

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. x-க்கு முன்னால ரெண்டு, நாலு. y-க்கு முன்னால மூணு, ஆறு. ரெண்டும் பாதி. ஏழு இருபதுல பாதியா? இல்லல்லா? அப்போ தீர்வே கெடையாது. இருபதுக்குப் பதிலா பதினாலு இருந்தா ரெண்டும் ஒரே கோடு, எண்ணில்லாத தீர்வு. அவ்வளவுதான், எழுதிட்டு எந்திரிங்க."

தலையாட்டுவார். அடுத்த கணக்கிலும் அழிப்பார். அருவியில் தண்ணீர் குறைச்சல் என்று விருந்தாளி முகம் சுளித்தால், அதற்கும் தாமே மன்னிப்புக் கேட்கிற மனுஷி. கத்திக் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

தேர்வன்று தென்காசியில் அவர் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அந்த மாதிரி கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. பூஜ்யம் சமம் அஞ்சுன்னு நின்னுச்சு."

"அதையும் அழிச்சிட்டியளா?"

"இல்லட்டி. தீர்வு இல்லைன்னு எழுதிட்டேன்."

அப்படியே கட்டிக்கொள்ளப் போனேன்.

"ஆனா, கேள்வி கேட்டவுக மனசு சங்கடப்படும்லா? அதான் கீழ 'மன்னிக்கவும்'னு எழுதினேன்."

நடுரோடு என்றும் பாராமல் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்காக மார்க்கைக் குறைப்பார்களோ என்று அன்றிலிருந்து மதினி ஒரே புலம்பல். முடிவு வரும்வரை என்னையும் தூங்கவிடவில்லை.

ஒருவழியாக, விளிம்பில் தேறிவிட்டார். செல்போனில் பார்த்துச் சொன்னதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல மனுசங்கட்டி. மன்னிச்சிட்டாவ."