அபிஷேகம் இறங்கிய காலை

எங்கள் சபையில் ஜெபிக்கும்போது கை நடுங்கினால் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று பொருள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்துக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபக்கூடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து போதகர் மோட்டார் சைக்கிளில் வருவார். பாட்டும் கைதட்டலும் ஏற ஏற, முதலில் யாருக்கு நடுங்கும் என்று பார்ப்பதுதான் பிள்ளைகளுக்கு வேடிக்கை. பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு நடுங்கும். வேடிக்கை பார்க்க வந்த கணக்கப்பிள்ளைக்குக்கூட ஒருமுறை நடுங்கியது. எங்கள் அப்பாவுக்கு மட்டும் நடுங்கியதே இல்லை. இத்தனைக்கும் அவர்தான் சபையின் மூப்பர். மூப்பர் மகளுக்கு இதைவிட மானக்கேடு வேறு வேண்டுமா?

ஆனால் பிரசங்கத்தில் அப்பாவை அடிக்க ஆளில்லை. புயலுக்கு நடுவே படகில் இயேசு தூங்கிய கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாரோ! "பயம் பிசாசோட வேலை. விசுவாசிக்குப் பயமே இருக்கக் கூடாது" என்பார். கரப்பான் பூச்சிக்கு நான் அலறினாலும் அதே பிரசங்கம்தான் கிடைக்கும்.

லயத்தின் கடைசிக் காம்பராவில் பெரியப்பா இருந்தார், அப்பாவின் சொந்த அண்ணன். அப்பா ஞானஸ்நானம் எடுத்த அன்று, "எனக்குத் தம்பியே இல்ல" என்று ஊர் கேட்கக் கத்தியவர். பிறகு பாரிசவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பெரியம்மா இல்லை. மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை. அம்மாதான் வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோவாள். சோற்றையும் தின்றுவிட்டு எங்களையும் திட்டுவார். அப்பாவை மட்டும் தொடவிட மாட்டார்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது இருக்கும்போது அந்த மழை வந்தது. நாள்கணக்கில் விடவில்லை. ஜெபக்கூடத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு கண்டது. முதலில் விரல் நுழையும் அளவு, பிறகு என் கால் நுழையும் அளவு. கிராம சேவகர் குடையோடு வந்து, எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் லயமே மூட்டை முடிச்சோடு இறங்கியது. நாங்களும் பெரியப்பாவும்தான் மிச்சம்.

"மூப்பரே ஓடுனா சனம் என்ன சொல்லும்? ஜெபம் பண்ணுவோம்" என்றார் அப்பா. அம்மா என் சின்னத் தம்பியின் உடுப்புகளைச் சீலையில் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ மலைப் பக்கம் திரும்பவே பயம். பயம் பிசாசின் வேலை என்பதால், பயந்ததற்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் டவுனிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. முழங்கால்வரை சேறு. வந்த வேகத்தில் வாசலில் நின்றே கத்தினார்.

"மச்சான், ஒங்க சாமி ஒங்களக் காப்பாத்தட்டும், நா வேணாங்கல. அக்காவையும் புள்ளைங்களையும் நா கூட்டிட்டுப் போறேன். வழியில ஓடைத்தண்ணி ஏறிக்கிட்டே வருது."

நான் ஒரு நீண்ட பிரசங்கத்தை எதிர்பார்த்தேன். அப்பா வெளியே போய் வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"நீங்க?"

"அண்ணன் கெடக்காரே."

பெரியப்பா ஆள் பெரிய உடம்பு. அந்த வழுக்கலில் கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினால்தான் உண்டு. எங்களைக் கீழே விட்டுவிட்டு ஆட்களையும் கதிரையையும் கொண்டுவருவதாக மாமா சொன்னார். "அதுவரைக்கும் நா அவரு பக்கத்துல இருக்கேன்" என்றார் அப்பா.

புறப்படுமுன் என்னை நடுவில் நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபித்தார். கை நடுங்கியது! லேசாக இல்லை, என் மண்டையே ஆடியது. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! சபையில் ஒரு நாளும் இறங்காதது இன்றைக்கு, எனக்காக, மாமாவின் கண் முன்னாலேயே இறங்கிவிட்டது. இனி மலையாவது மண்ணாவது! பயம் போன இடம் தெரியவில்லை. அத்தனை சமாதானத்தை நான் அதற்குப் பிறகு ஒரு நாளும் அனுபவித்ததில்லை.

அரைக்கண்ணால் பார்த்தால், அம்மா அப்பாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். நடுக்கம் குறைந்தது. அபிஷேகத்தைப் போய் அமுக்குகிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது.

மாமா தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டார். நாங்கள் ஓடையைத் தாண்டும்போது அப்பா கடைசிக் காம்பராவுக்குள் நுழைவது தெரிந்தது. "போடா, நீயும் ஒன் சாமிகிட்டயே போ!" என்று பெரியப்பா கத்துவதும் கேட்டது. நான் பாடிக்கொண்டே இறங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களை விட்டுவிட்டு, மாமா மூன்று பேரோடு கதிரையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில் லொறியிலிருந்து கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது நிற்கவே இல்லை. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். போனவர்கள் பாதி வழியிலேயே திரும்பி வந்தார்கள். கதிரை காலியாகவே வந்தது. மாமா அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் மழையில் நின்றார்.

நான் மட்டும் அழவில்லை. எங்கள் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, அபிஷேகம் இறங்கியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். "என்ன விசுவாசம் இந்தப் பிள்ளைக்கு!" என்று, சேதி கேட்டு ஓடிவந்த போதகர் கண்கலங்கினார்.

சில நாள் கழித்துத்தான் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டு பேரும் ஒன்றாகவே இருந்தார்களாம். தம்பியைத் தொடவிடாத பெரியப்பா, நல்லாயிருந்த ஒரு கையால் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் முதுகில் கிடந்தாராம்.

இப்போது நான் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களின் கை எப்படி நடுங்கும் என்று தினமும் பார்க்கிறேன். நானும் மணிக்கட்டை இறுகத்தான் பிடிக்கிறேன். படகில் தூங்கியவரைப் பற்றி அத்தனை முறை பேசிய அப்பா, அதே இயேசு சிலுவைக்கு முந்தின இரவு ஒரு தோட்டத்தில் பயந்து வியர்த்துக் கலங்கியதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. அப்பா பயந்துபோயிருந்தார். பயந்துகொண்டேதான் அண்ணனிடம் போனார்.

அன்று பள்ளிக்கூடத்துச் சுவரோரம் அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் காதில், யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"அம்மா, அழாத. அப்பாவுக்கு அபிஷேகம் இறங்கிச்சி. கை நடுங்கிச்சே, நா பாத்தேன்."

அம்மா, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்த அதே கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஆமா பாப்பா. நானும் பாத்தேன்" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றையேதான் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியில் தலைவைத்து நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.