நெரிடா அனுப்பிய மணப்பெண்

"அசையாத கண்ணு, ஊசி குத்திரும்."

குரல் தரையிலிருந்து வருகிறது. மரப்பெட்டியின் மேல் நிற்கும் மணப்பெண்ணைச் சுற்றி முழங்காலால் நகர்ந்து, வெள்ளை உடையின் விளிம்பை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டே நெரிடா கேட்கிறாள்: "தலைக்கு யாரு?" பெண் விழிக்கிறாள். "பூவுக்கு?" மறுபடி விழிக்கிறாள். ஓடவும் முடியாது, சுற்றிலும் ஊசி. இந்த நேரம் பார்த்துத்தான் நெரிடா பேச்சை எடுப்பாள். "எதுத்தாப்புல ரேலீன் பார்லர். நெரிடா அனுப்பினான்னு சொல்லு, தங்கமா கவனிப்பா. பூவுக்கு மூலைக்கடை பெர்னி. வேற எங்கயும் அலையாத."

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், வடக்கே இருக்கும் எங்கள் கரும்பு ஊரில், கல்யாண உடையைப் பிடித்துக் கொடுப்பதும் தளர்த்திக் கொடுப்பதும் நெரிடாவின் தொழில். உடையை இப்போது பெண்கள் கைப்பேசியில் பார்த்தே வரவழைத்துவிடுகிறார்கள். வந்தது ஒருத்திக்கும் பொருந்துவதில்லை. "அளவு தெரியாத அந்தக் கம்பெனிக்காரன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்பாள் நெரிடா. ஆனால் இப்படி ஒரு கடை இருப்பது அந்தப் பெண்களுக்குத் தெரிய வேண்டுமே. அதற்குத்தான் இந்த மூவர் கூட்டணி. நெரிடாவின் ஜன்னல் பொம்மைக்கு உடை அவளுடையது, தலையில் ரேலீன் கொண்டை போட்ட டோப்பா, கையில் பெர்னி கட்டிய பூச்செண்டு. ரேலீனின் கண்ணாடி ஓரத்திலும் பெர்னியின் பூ வாளிகளுக்கு மேலும் நெரிடாவின் கார்டுகள் செருகியிருக்கும். எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஒரு கடையில் மாட்டிய பெண் மற்ற இரண்டு கடைகளிலும் மாட்டாமல் தப்ப முடியாது, அவ்வளவுதான். ரேலீன் அனுப்பும் பெண்கள் நின்றுபோனால் நெரிடா கடையைச் சாத்த வேண்டியதுதான். இது ஊருக்கே தெரியும்.

அவளுக்கென்று சில கெடுபிடிகள் உண்டு. பீட்ரூட் வைத்த சாண்ட்விச்சோடு ஒருவரும் உள்ளே வரக் கூடாது. தேநீரைப் பின்சந்தில் நின்று, மழையானாலும் கூரை விளிம்புக்கு ஒண்டிக்கொண்டுதான் குடிப்பாள். மணப்பெண்ணின் அம்மா கூட வந்தால், பொத்தான் டப்பாவை மடியில் வைத்து நிறம் பிரிக்கச் சொல்லிவிடுவாள். "கை சும்மா இருந்தா வாய் சும்மா இருக்காது" என்பது அவள் கண்ட அனுபவம்.

மாப்பிள்ளையின் பெயரை மட்டும் கேட்கவே மாட்டாள். ஒரு முறை, இரண்டாம் கல்யாணத்துக்குப் பழைய உடையையே தளர்த்தித் தரச் சொல்லி வந்த பெண்ணிடம் முதல் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து அந்தச் சங்கதியே வேண்டாம் என்றாகிவிட்டது. "எனக்கு இடுப்பளவு போதும். செருப்பு உயரம் போதும். அவன் யாரா இருந்தா எனக்கென்ன?"

யாராக இருந்தான் என்பது போன அறுவடைக் காலத்தில்தான் தெரிந்தது. மக்காய் நகரத்துப் பக்கமிருந்து ஊருக்குப் புதிதாக வந்த ஷெல்லி என்ற பெண்ணை நெரிடா வழக்கம்போல் ரேலீனிடம் கைகாட்டினாள். ஷெல்லி உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கொண்டை போட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம் போய்விட்டாள். பொத்தான் பாக்கி இருந்ததால் அம்மாக்காரி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க மாப்பிள்ள கெவன் தங்கமான ஆளு. கரும்பு வெட்டுற மெஷின் சொந்தமா வச்சிருக்காரு. மொத பொண்டாட்டியோடதான் ஒத்துவரல, பாவம்."

நெரிடாவின் கை நின்றுவிட்டது. அந்த முதல் பெண்டாட்டி ரேலீன். கெவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன குளிர்காலத்தில் ரேலீன் பார்லர் கதவைத் திறக்காமல் உள்ளேயே கிடந்ததும், நெரிடாதான் சூப்பு கொண்டுபோய் ஊட்டாத குறையாகக் குடிக்க வைத்ததும் அவளுக்கு ஒரு நொடியில் கண்முன் வந்தன. அவனுடைய புதுப் பெண்ணை, அவளிடமே, அலங்கரிக்கச் சொல்லி அனுப்பியாயிற்று.

குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். எங்கள் கடைத்தெருவின் நடுவில்தான் கரும்பு ரயில் போகும். அன்றைக்கென்று அது வந்து தொலைத்தது. ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, முடிவே இல்லாமல் கடகடவென்று போயின. நெரிடா மழையில் நின்றாள். பெட்டிகளின் இடைவெளியில் பார்லர் கண்ணாடி தெரிந்து தெரிந்து மறைந்தது. ரேலீனின் கை தூக்கியிருந்தது. அடிக்கவா, சீவவா, தெரியவில்லை.

ரயில் போனதும் பாய்ந்து கதவைத் தள்ளினாள். "ரேலீன், சத்தியமா எனக்குத் தெரியாதுடி. நான் பேரு கேக்கல."

"நீ எப்பத்தான் கேட்ட? கதவ சாத்து, சாரல் அடிக்குது."

ரேலீனின் விரல்கள் ஷெல்லியின் முடியில்தான் இருந்தன. பாதிக் கொண்டை முடிந்திருந்தது.

"கெவன கட்டிக்கப் போறவ நான்தான்னு வந்து உக்காந்ததுமே சொல்லிட்டேங்க" என்றாள் ஷெல்லி, கண்ணாடி வழியாக. "வேணாம்னா எந்திரிச்சுப் போயிடறேன்னேன். இவங்கதான் புடிச்சு உக்கார வச்சுட்டாங்க."

"இந்த முடிய எவளாவது விடுவாளா? அவன் கொறட்டைய பத்தி மட்டும் முன்கூட்டியே சொல்லிட்டேன்."

"அது எனக்கே தெரியும்" என்றாள் ஷெல்லி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு ரேலீன் வாயிலிருந்த ஹேர்பின்னை எடுத்துவிட்டு, நெரிடாவைப் பார்த்துச் சொன்னாள்: "அவன் பேர இவ சொன்னதும் வலிக்கப் போவுதுன்னு காத்துக்கிட்டே நின்னேன்டி. வலி வரவே இல்ல. போயே போச்சு. நீ அனுப்பலன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது." ஷெல்லியின் தலையை நேராக்கினாள். "இது முடிஞ்சதும் பெர்னிகிட்ட அனுப்பறேன். வெள்ள ஆர்க்கிட்தான் இவளுக்கு எடுப்பா இருக்கும். நீ ஏன் நனஞ்ச கோழியாட்டம் நிக்கற?"

அலமாரியிலிருந்து ஒரு துண்டை உருவி அவள் தலைமேல் வீசினாள். நெரிடா பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, அந்தத் துண்டை முகத்துக்கு இழுத்து மூடிக்கொண்டாள். ஷெல்லியின் கொண்டை முடிந்த பிறகும் அதை எடுக்கவில்லை.