கீழாநெல்லியும் என் வீட்டுக்காரரும்

தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கீழாநெல்லியைக் காயவைத்துப் பொடித்து, சாரம் இறக்கி எலிகளுக்குக் கொடுப்போம். பிறகு கல்லீரலைக் கெடுக்கும் மருந்தைக் கொடுத்து, சாரம் குடித்த எலிக்குப் பாதிப்பு குறைகிறதா என்று பார்ப்போம். குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொல்லிவிட்டேன். எலி என்ற சொல் மட்டும் யார் காதிலும் விழவில்லை.

அடுத்த வருடம் என் கணவருக்குக் காசநோய் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார், பாதி வகுப்பிலேயே இருமித் தள்ளினார். "இந்த டி.பி. மாத்திரை லிவரைத் தாக்கலாம். கூட வேற எதுவும் வேணாம்" என்றார் டாக்டர். இவரும் தலையாட்டினார்.

சில வாரங்களில் வாந்தி, கண்ணில் மஞ்சள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவெல்லாம் எகிறியிருந்தது.

"வேற ஏதாவது சாப்பிடறீங்களா சார்?"

"இல்லையே டாக்டர்."

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைக் குடைந்தேன். கீரைக்கட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டில் பச்சைச் சாறு. பக்கத்திலேயே லேபிள் இல்லாத கேப்ஸ்யூல் டப்பா.

"என்னங்க இது?"

"கீழாநெல்லி. தங்கச்சி குடுத்தா. லிவருக்கு நல்லதுன்னு நீதானே சொன்ன?"

"எலிக்குன்னு சொன்னேங்க!"

"எலிக்கு ஆகற நல்லது எனக்கு ஆகக்கூடாதா?"

பாலவாக்கத்தில் இருக்கும் நாத்தனாருக்கு போன் போட்டு, கேப்ஸ்யூலில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் மூலிகைதான் அண்ணி. இதுல என்ன வந்துடப் போவுது?" என்றாள். எந்த மூலிகை என்று அவளுக்கும் தெரியாது.

டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மாத்திரையா, சாறா, கேப்ஸ்யூலா, எது காரணம் என்று இனி சொல்ல முடியாது என்றார். ஒன்றோடு இன்னொன்றைக் கலக்காமல் சோதிப்பதே பிழைப்பாக இருக்கும் எனக்கு, அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. கத்தவும் முடியவில்லை. மனுஷர் ஒரு வாய் கஞ்சி இறங்காமல் படுத்திருந்தார். பயத்தில் அவர் கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்தபடி இருந்தேன்.

மெல்ல மஞ்சள் இறங்கியது. மாத்திரைகளை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை ஒத்துக்கொண்டது, நோயும் குணமானது.

தேறிய பிறகு முதல்முறையாக மயிலாப்பூர் கோவிலுக்குப் பூசைக்குப் போனோம். முடிந்ததும் வாசலில் இவரைச் சுற்றி ஒரு கூட்டம்.

"கீழாநெல்லி மட்டும் இல்லன்னா என் லிவரே போயிருக்கும். என் ஒய்ஃப் அதுலதான் ஆராய்ச்சியே பண்றாங்க."

ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு பாட்டில் கொண்டாந்து குடும்மா."

"முதல்ல அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கம்மா."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. என் கணவர் உடனே அவர் பக்கம் குனிந்து, "அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நான் வாங்கித் தரேன்" என்றார்.