கரடிக்கு நான் எழுதிய வசனம்

பழைய கார்ட்டூன் படங்களில் கை வைக்கக் கூடாது என்று வாய் கிழியக் கதைத்தவன் நான். சம்மட்டியால் அடித்தால் தலையில் கோழிமுட்டை அளவுக்கு வீங்கும், அடுத்த காட்சியில் அது மறைந்துவிடும், இதெல்லாம் சிரிப்புக்குத்தான் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும், பெரியவர்களுக்குத்தான் தெரிவதில்லை என்று கூட்டங்களில் மேசையைத் தட்டியிருக்கிறேன். இவற்றைப் பார்த்து வளர்ந்த நாங்கள் எத்தனை பேரைச் சம்மட்டியால் அடித்தோம் என்று கேட்பேன். எதிரே இருப்பவர்கள் பேச்சை மாற்றுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

அந்த வாதத்தை நான் இன்றும் முழுதாகக் கைவிடவில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

பதின்மூன்று, பதினான்கு வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் இருந்தேன். பின்னேரங்களில் அரை மணி நேரம் சிறுவர் நிகழ்ச்சி. எங்கிருந்தோ மலிவாக வாங்கிய பழைய அமெரிக்கக் கார்ட்டூன்கள். ஒரு பருத்த கரடி, ஒரு அணில். கரடி அணிலைப் பிடிக்கத் திட்டம் போடும், திட்டம் கரடியின் தலையிலேயே வந்து விழும். எல்லாப் படங்களிலும் இதுதான் கதை. தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. ஒளிபரப்பக் கூடாத இடங்களைக் குறித்துக் கொடுக்கும் வேலையையும் என் தலையில்தான் கட்டியிருந்தார்கள்.

எங்கள் நாட்டில் திரையில் புகையும் மதுவும் தெரியக் கூடாது. கரடியின் வாயில் எப்போதும் ஒரு சுங்கான், புகைக்குழாய், இருக்கும். அதை மறைக்க நான் குறிப்பெழுதுவேன், கரடி வாயோரத்தில் ஒரு மங்கல் கட்டத்தோடு அலையும். அதற்குப் பல்வலி என்றுதான் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். இந்த அபத்தத்தைப் பற்றி நான் தேநீர் வேளைகளில் நக்கலடிக்காத நாள் இல்லை.

ஒரு படத்தில் அணில் ஒரு குண்டைக் கரடியின் மடியில் வைத்துவிட்டு ஓடும். வெடிக்கும். புகை விலகும்போது கரடியின் முகம் கரியாக, உதடுகள் தடித்துச் சிவப்பாக, தலைமயிர் முடிச்சு முடிச்சாக நிற்கும். கரடி இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டும். வரைந்தவர்கள் கறுப்பின மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கவே இப்படி வரைந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். படித்தவன்தானே. ஆனாலும் மறைக்க வேண்டியவை என்ற இடத்தில் 'சுங்கான்' என்று மட்டும் எழுதினேன்.

அந்த இடத்தில் மூலத்தில் வசனம் இல்லை. கரடி பேசாது. ஆனால் டப்பிங்கில் மூன்று விநாடி மௌனம் வந்தால் ஏதோ பழுது என்று மேலே இருப்பவர்கள் பதறுவார்கள். ஆகவே வசனம் ஒன்றை இட்டு நிரப்பினேன். “ஐயோ, இனி என்னை ஆர் கட்டுவினம்?”

குரல் கொடுத்தவர் அதை அழுகுரலில் இழுத்துச் சொன்னார். ஒலிப்பதிவு அறையே சிரித்தது. ஒலிப்பதிவு செய்தவர் சிங்களவர், என்னிலும் இளையவர். இனி என்னை யார் கலியாணம் செய்வார்கள் என்று அவருக்கு அர்த்தம் சொன்னேன். தொடையில் தட்டி, “ஷோக், அண்ணே! எங்கட வீட்டிலயும் தங்கச்சிக்கு இதைத்தான் சொல்லுறது” என்று சிங்களத்தில் சொன்னார். அன்று என் கால் தரையில் படவில்லை.

அந்த வசனத்தை நான் கற்பனை செய்யவில்லை. அது எங்கள் வெள்ளவத்தை வீட்டு வசனம். என் அக்கா அப்பாவைப் போலக் கறுப்பு. நான் அம்மாவின் நிறம். அக்கா பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிவிட்டு வெயிலில் கறுத்து வியர்த்து வாசலில் ஏறும்போது அம்மா தலையில் கை வைத்து, “ஐயோ, இனி உன்னை ஆர் கட்டுவினம்?” என்பார். கோபத்தில் இல்லை. செல்லமாகத்தான். வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ எல்லோரும் சிரிப்பார்கள். பதினைந்து வயதில் அக்கா வலைப்பந்தை விட்டுவிட்டார். படிப்புக்காக என்று சொன்னார், நாங்களும் நம்பினோம். அடுக்களையில் இருந்து ஒரு தம்ளரை எடுப்பதுபோல அந்த வசனத்தை நான் எடுத்துக் கரடிக்குக் கொடுத்தேன். யாருடையது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

வசனம் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் பிள்ளைகள் சொன்னார்கள். காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் சின்னப் பிள்ளை ஒன்று கண்ணாடியைப் பார்த்து அதைச் சொல்லி நடித்தது, தாய் சிரித்தார். அதை எழுதியவன் நான்தான் என்று சொல்ல நாக்குத் துடித்தது. சொல்லாமல் ஒரு சட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனையில் இருந்தார். அவருக்கு ஒரே மகள். அப்போது ஏழு வயது, தாயை உரித்து வைத்த நிறம். அவள் ஏறும் பள்ளிக்கூட வேனில் அந்த வசனமும் ஏறியது. அவள் காலை வைத்ததும் வேனில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் கன்னத்தில் கை வைத்து, அழுகுரலில் இழுத்து, ஒரே குரலில் சொல்வார்களாம். இது எங்களுக்கு முதலில் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் பவுடர் டின் ஒரு கிழமையில் காலியாகிறது என்பதுதான். ஒரு நாள் காலையில் வேன் ஹோர்ன் அடிக்கிற நேரம் குளியலறைக் கதவைத் திறந்திருக்கிறார். பிள்ளை முகம், கழுத்து, முழங்கை வரை இரண்டு கைகள் எல்லாம் வெள்ளையாகப் பூசிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அன்று மத்தியானம் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, அந்தக் கரடிப் படத்தை உங்கட ஆக்கள் நிப்பாட்ட மாட்டினமோ?”

“ஏன் அக்கா?”

சொன்னார். வேனைப் பற்றி, பவுடரைப் பற்றி. பிறகு, “உன்னில பிழை சொல்லேல்லை. அதில இருக்கிறதைத்தானே நீ தமிழில எழுதுறாய். ஆனா அதை எழுதின வெள்ளைக்காரனுக்கு எங்கட வீட்டுக் கதை எப்பிடித் தெரிஞ்சுது எண்டுதான் யோசிக்கிறன்” என்று சிரித்தார்.

“பாக்கிறன் அக்கா” என்றேன்.

பார்த்தேனா? இல்லை. அந்த வசனத்தை எடுத்துவிட எனக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் எடுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் என் கையெழுத்தில் இருந்தது. அதைவிட, எதையும் வெட்டக் கூடாது என்று முழங்கியவன் என் சொந்த வசனத்தையே வெட்டச் சொல்லி நிற்பதா? இந்த ஒளிபரப்பு முடியட்டும், அடுத்த முறை பார்ப்போம் என்று தள்ளினேன். அடுத்த முறையும் தள்ளினேன். அந்தப் படம் மறு ஒளிபரப்பாகி மறு ஒளிபரப்பாகி இரண்டு வருடம் ஓடியது. இரண்டு வருடமும் அவள் அதே வேனில்தான் போனாள்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு என் வெள்ளவத்தை பிளாட்டுக்கு வந்தார். வீட்டிலிருந்து தண்டவாளத்தைக் கடந்தால் கடல். முன்பெல்லாம் பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கடலுக்குப் போவோம் மாமா என்று கையைப் பிடித்து இழுப்பாள். அன்று ஜன்னலோரத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்துகொண்டு, வெயில் போகட்டும் என்றாள். ஏழு வயதில். அக்கா உள்ளே தேநீர் ஊற்றப் போன நேரம் பார்த்துக் கேட்டாள்.

“மாமா, இங்கிலீஷிலயும் கரடி அப்பிடித்தான் சொன்னதோ?”

“ஓம் பிள்ளை” என்றேன். “அவங்கள் என்ன சொன்னாங்களோ, அதைத்தான் நாங்கள் தமிழில சொல்லுறது.”

“அப்ப அதை எழுதின ஆளுக்கு எங்களைத் தெரியாதுதானே” என்றாள். முகம் சற்றுத் தெளிந்தது. நானும் தலையை ஆட்டினேன். ஒரு குழந்தையிடம் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் தேநீர் குடித்து முடியும் வரைக்கும்தான் இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

நான் அந்த வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. போன வருடம் அந்த நிலையத்திலிருந்து ஒரு இளம் பெண் பேசினார். பழைய சிறுவர் நிகழ்ச்சிகளை இணையத்தில் ஏற்றப் போகிறார்களாம். இந்தக் காலத்துக்கு ஒத்துவராத இடங்களைப் பார்த்து வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். வேறு நேரமாக இருந்தால் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். உடனே ஒத்துக்கொண்டேன். மற்றப் படங்களில் ஒரு சம்மட்டியைக்கூட நான் தொடவில்லை. நேராக அந்தப் படத்தைத் தேடி எடுத்து, வெடிக்கும் இடத்திலிருந்து மூன்று விநாடியை வெட்டி எறிந்தேன். யாரோ ஒரு பிள்ளையின் நன்மைக்காகச் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

என் மருமகளுக்கு, அக்காவின் மகளுக்கு, இப்போது இருபது வயது. வெள்ளவத்தையில் கணக்கியல் வகுப்புக்கு வருகிறாள். புதன்கிழமைகளில் வகுப்புக்கு முன் என்னோடுதான் மத்தியானச் சாப்பாடு. நான் வெட்டிய அந்த வாரத்துப் புதன்கிழமை சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் கணினிக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். திரையில் கரடி ஓடிக்கொண்டிருந்தது. அணில் திரியைப் பற்ற வைத்தது, அடுத்த கணம் கரடி தலையில் கட்டோடு நின்றது.

“இதில ஒரு சீன் இருந்ததே” என்றாள்.

“வெட்டிப்போட்டன் பிள்ளை. இந்தக் காலத்துக்கு அது சரி வராது.”

“ஏன் வெட்டினனீங்கள்? அது இருக்கவேணும் மாமா.” தட்டை மேசையில் வைத்தாள். “என்னை ரெண்டு வருசம் வேனில அப்பிடிக் கூப்பிட்டவை எண்டு சொன்னா என்ர பிரெண்ட்ஸ் ஒருத்தரும் நம்புறேல்லை. கார்ட்டூனில அப்பிடி எல்லாம் வருமோ எண்டு கேக்கினம். நான் எவ்வளவு தேடினனான் தெரியுமோ? நீங்கள் வெட்டினா அது நடக்கவே இல்லை எண்டு ஆகிடும்.”

“பாக்கிற சின்னப் பிள்ளையளுக்கு நோகும்தானே.”

“நொந்தது எனக்கு. நான்தான் சொல்லுறன், இருக்கட்டும். வெள்ளைக்காரன் செய்த பிழையை எல்லாரும் பாக்கட்டும்.” இப்படிச் சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்தாள். “பொறுங்கோ, இங்கிலீஷ் படம் எங்கேயாவது இருக்கும். அதில கரடி என்ன சொல்லுது எண்டு பாப்பம்.”

நான் உண்மையைச் சொன்னது தைரியத்தால் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி இல்லை. இன்னும் இரண்டு நிமிடத்தில் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால்தான் சொன்னேன்.

“இங்கிலீஷில கரடி ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. அதை நான்தான் எழுதினனான்.”

அவள் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை.

“அண்டைக்கு நான் கேட்டனான்” என்றாள்.

“ஓம். பொய் சொன்னனான்.”

“எங்களைத் தெரியாத ஆரோ எழுதினது எண்டுதான் நான் இவ்வளவு நாளும்…” நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மூன்று தரம் கேட்டேன். ஒவ்வொரு தரமும் அது எனக்கே சின்னதாகக் கேட்டது. அவள் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள். புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“சொல்லிப்போடாதேங்கோ. உங்கட வீட்டில எல்லாரும் தன்னைப் பாத்துச் சிரிக்கேக்க, சிரிக்காத ஒரே ஆள் தம்பிதான் எண்டு அம்மா எப்பவும் சொல்லுறவ.”

சரி என்றேன். அவள் படியிறங்கிப் போனாள். அந்த மூன்று விநாடியையும் பழைய இடத்தில் சேர்த்து, இந்த வசனம் மூலத்தில் இல்லை, எழுதியவன் நான் என்று ஒரு குறிப்போடு நிலையத்துக்கு அனுப்பினேன். அவர்கள் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். ஆனால் அந்தப் படத்தையே ஏற்றவில்லை.

அக்கா நான் எழுதுவதை ஒன்று விடாமல் வாசிப்பவர். இதையும் வாசிப்பார், மருமகளுக்குக் கொடுத்த வாக்கும் இதோடு போகிறது. எங்கள் அம்மா அந்த வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து உள் அறைக்குப் போவேன். என் மனம் பொறுக்காமல் போகிறேன் என்று அக்கா நினைத்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, தலையணைக்குள் முகத்தை வைத்து, சத்தம் கேட்காமல், நானும் சிரிச்சனான் அக்கா.